அறுபது ரூபாய் ரசீதுக்குப் பின்னால்

ஆரணியில் தறிக்காரர் ஒரு நாள் தறிக்குழியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போயிற்று. நெய்து இறக்கினால்தான் காசு. மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், முன்பெல்லாம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என மூன்று இடம் அலைய வேண்டும். ஒருவர் இருக்கும் நாளில் இன்னொருவர் ‘கேம்ப்’ போயிருப்பார். பாவு பாதியில் நிற்கும்.

இப்போது அந்த அலைச்சலை இ-சேவை மையம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. முதல்முறை போகும்போது ஆதாரைக் காட்டி ‘கேன்’ எனப்படும் விண்ணப்பதாரர் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த மனுக்களுக்கும் அதே எண்தான். ஆவணங்களை ஸ்கேன் செய்து, 60 ரூபாய் கட்டினால் ஒப்புகைச்சீட்டு வரும்.

முடிவு எடுப்பது மையம் இல்லை. மனு பழைய வழியில்தான் போகிறது, கணினி வழியாக. வீட்டில் வேறு பட்டதாரி உண்டா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? விசாரித்து எழுத வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். 1980இல் கர்ணம், மணியக்காரர் என்ற பழைய ஊர்ப் பதவிகளை ஒழித்த பிறகு வந்த பதவி அது. வட்டாட்சியரின் பழைய பெயரான தாசில்தார் என்பதில் உள்ள ‘தாசில்’ வசூலைக் குறிக்கும் அரபுச் சொல். நிலவரி வாங்கியவர்களுக்குத்தான் ஊரில் யார் எவர் என்று தெரியும். சான்றிதழ் வேலையும் அவர்களிடமே சேர்ந்தது.

கடைசியில் அதிகாரி போடுவது மின்கையொப்பம். சான்றிதழில் உள்ள எழுத்து முழுவதையும் கணினி ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்குகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அந்த எண்ணை அதிகாரியின் ரகசியச் சாவி பூட்டுகிறது. அதற்கு இணையான பொதுச்சாவியால் யாரும் திறந்து சரிபார்க்கலாம். வருமானச் சான்றிதழின் தொகையில் யாராவது ஒரு சுழியம் சேர்த்தால், இழை அறுந்த சேலைபோலப் பழுது உடனே தெரியும். மின்கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்.

ஆனால் முதலிலேயே நேர்ந்த பெயர்ப் பிழையை இந்தப் பூட்டால் பிடிக்க முடியாது. தப்பாக எழுதியதையும் அது பத்திரமாகப் பூட்டிவிடும். ஆதாரில் ‘கே’, ரேஷன் கார்டில் ‘க’ என்று முதலெழுத்து மாறியதால் மனு திரும்பி, ஒருவர் மறுபடி தறியை நிறுத்திவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டுமுன் கணினித் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.