ஹேக்கர் என்றால் திருடரா?

நோன்பு காலத்தில் ஒரு நாள் பின்னேரம். எங்கள் சாச்சியின் வாட்ஸ்அப்பிலிருந்து குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே செய்தி வந்தது. அவசரமாகக் காசு தேவை, நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று. மாமா ஒருவர் நம்பி அனுப்பியும் விட்டார். சாச்சியோ அந்த நேரம் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் தொலைபேசியில் நயமாகக் கதைத்து, அவருக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் சொன்னது, “ஹேக்கர் ஹேக் பண்ணிட்டான்” என்று.

சில வாரங்களின் பின் நான் என் மடிக்கணினியில் ஓர் உரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஹேக்கர்கள் மாநாடு ஒன்றில் பதிவு செய்யப்பட்ட உரை. உம்மா பின்னால் வந்து நின்றார்.

“என்ன மகள் இது? மாமாட காச எடுத்தவங்கட கூட்டமா?”

“இல்ல உம்மா, இவங்க வேற” என்றேன். எப்படி வேறு என்று அன்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு எழுதுவதே இக்கட்டுரை.

‘ஹேக்’ என்ற சொல் கணினியில் இன்றைய பொருளோடு பிறந்தது 1950களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில். அங்கே மாதிரி ரயில் பாதைகளை அமைத்து விளையாடும் மாணவர் கழகம் ஒன்று இருந்தது. பழைய தொலைபேசி உதிரிப்பாகங்களைக் கொண்டு ரயில்களை இயக்க அவர்கள் செய்த கெட்டித்தனமான வேலைகளையே ‘ஹேக்’ என்று அழைத்தார்கள். பின்னர் அதே மாணவர்கள் பல்கலைக்கழகக் கணினிகளின் பக்கம் திரும்பினார்கள். ஆக, ஆரம்பத்தில் ஹேக்கர் என்பவர் ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்து, அதைப் புதுவிதமாக வேலை செய்ய வைப்பவர். திருட்டு என்ற பொருள் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

இதை உம்மாவிடம் சொன்னபோது ஓர் உதாரணமும் சொன்னேன். எங்கள் தையல் மெஷினின் பட்டி அறுந்து, கடையும் பூட்டியிருந்த ஒரு பெருநாள் இரவில், உம்மா நைலோன் கயிற்றைத் திரித்து இறுக்கி, தங்கையின் சட்டையைத் தைத்து முடித்தார். “அந்தக் கணக்குப்படி நீங்களும் ஹேக்கர்தான் உம்மா.” அவர் சிரித்தார். ஆனால் முழுதாக ஏற்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். நானா புதுக் கணினி வாங்கியதும் அவரது பழையது எனக்கு வந்தது. 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. திறந்து வருவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். அந்த விண்டோஸுக்கான வழமையான ஆதரவையும் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ இந்தக் கணினி ஏற்கவில்லை. “வித்தா பத்தாயிரமும் தேறாது” என்றார் நானா. அப்போதுதான் லினக்ஸ் என்ற பெயர் எனக்கு வெறும் பாடக்குறிப்பாக இல்லாமல் தேவையாக மாறியது.

லினக்ஸ் என்பது ஓர் இயங்குதளத்தின் கரு. வன்பொருளுக்கும் நாம் பாவிக்கும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று வேலையைப் பங்கிடுவது அதுவே. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் செய்வதாகவும் அது வெறும் பொழுதுபோக்கே என்றும் அறிவித்தார். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை உருவாக்க ‘குனூ’ திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாகின. அந்தப் பொழுதுபோக்கு இன்று எங்கே நிற்கிறது? நம் கைகளிலுள்ள ஒவ்வோர் அண்ட்ராய்ட் தொலைபேசியின் கருவும் லினக்ஸ்தான். உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் இயங்குகின்றன.

இது எப்படி இலவசம் என்று பலர் கேட்பார்கள். கடையில் வட்டிலப்பம் வாங்கினால் உண்ணலாம், செய்முறை கிடைக்காது. என் உம்மும்மா அப்படியல்ல. யார் கேட்டாலும் வட்டிலப்பத்தோடு செய்முறையையும் சொல்லிக் கொடுப்பார். கேட்டவர்கள் கருப்பட்டியைக் கூட்டியோ குறைத்தோ தம் விருப்பம்போல் செய்துகொள்வார்கள். திறந்த மூல மென்பொருள் உம்மும்மாவின் வட்டிலப்பம் போன்றது.

உம்மும்மாவைப் பற்றிச் சொன்னதால் என் பெரிய தவறையும் சொல்ல வேண்டும்.

நிறுவும்போது கணினி ஒரு கேள்வி கேட்டது: வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா, அல்லது விண்டோஸோடு சேர்த்து நிறுவவா? விண்டோஸ் மட்டும்தான் அழியும் என்று நினைத்து முதலாவதை அழுத்தினேன். ‘டி’ என்று தனியாகத் தெரிந்த பகுதியும் அதே வட்டில்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. அதில் உம்மும்மா ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்த 61 படங்கள் இருந்தன. உம்மும்மா வபாத்தாகி இரண்டு வருடங்கள். வேறெங்கும் பிரதி இல்லை.

அன்றிரவு நான் உறங்கவில்லை. தேடியபோது ஒரு விடயம் புரிந்தது. வட்டை அழிக்கும்போது பெரும்பாலும் பொருளடக்கம்தான் கிழிக்கப்படுகிறது. பக்கங்கள் அங்கேயே கிடக்கின்றன, அவற்றின் மேல் புதிதாக எழுதப்படும் வரை. ஆகவே உடனே கணினியை நிறுத்தினேன். லினக்ஸை யூ.எஸ்.பி.யிலிருந்து இயக்கி, ‘ஃபோட்டோரெக்’ என்ற திறந்த மூலக் கருவியால் வட்டைத் துருவினேன். இரண்டு நாட்களில் 14 படங்கள் மீண்டன. அவற்றுள் மூன்று பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். மிகுதி 47 படங்களின் மேல் நான் நிறுவிய புது இயங்குதளம் எழுதப்பட்டுவிட்டது.

உம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “அது என்ட உம்மா மகள். கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வசனத்தில்தான் உம்மாவின் பழைய கேள்விக்கான பதில் எனக்குக் கிடைத்தது. கணினி எனது; படங்கள் என்னிடமிருந்த அமானிதம். நல்ல ஹேக்கரையும் திருடரையும் பிரிப்பது அறிவின் அளவல்ல. இருவரும் ஒரே கருவியைப் பாவிக்கலாம். ‘இது யாருடையது? கேட்டேனா?’ என்ற கேள்விதான் பிரிக்கிறது. அல்குர்ஆனின் ஸூரத்துந் நூர் 27ஆம் வசனம், பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாம் என்று நமக்குக் கற்பிக்கிறது. கதவு திறந்து கிடந்தாலும் வீடு பிறருடையதே. கணினிக்கும் அதுவே பொருந்தும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றிப் பிறர் கணினியில் நுழைவது குற்றம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது பதிலாகாது.

அப்படியானால் ஹேக்கர்கள் மாநாட்டில் என்னதான் நடக்கிறது? ஜேர்மனியின் கேயாஸ் கணினிக் கழகம் 1984 முதல் வருட இறுதியில் ஒரு மாநாட்டை நடத்துகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஜெஃப் மொஸ் 1993இல் தொடங்கிய ‘டெஃப்கொன்’ இன்று உலகின் மிகப் பெரிய ஹேக்கர் கூடல்களில் ஒன்று. அங்கே உரைகள் உண்டு. பூட்டுகளைத் திறந்து பழகும் மூலைகள் உண்டு. ஈயம் பற்றவைத்து மின்சுற்றுச் செய்யும் மேசைகள் உண்டு. ‘கொடியைக் கைப்பற்று’ என்ற போட்டியில், ஏற்பாட்டாளர்களே வேண்டுமென்று ஓட்டைகள் வைத்து ஒரு கணினி அமைப்பைச் செய்வார்கள். அதனுள் மறைத்து வைத்த இரகசியச் சொல்லைக் கண்டுபிடிப்பவருக்குப் புள்ளி. அனுமதியோடு நடக்கும் முற்றுகை அது. நிஜ மென்பொருளில் ஓட்டையைக் கண்டால், முதலில் அதை உருவாக்கியவருக்கு அறிவித்து, திருத்த அவகாசம் கொடுத்து, அதன் பிறகே மேடையில் சொல்வது நல்ல ஆய்வாளர்களின் வழக்கம். இந்தியாவின் கேரளத்தில் நடக்கும் ‘கொக்கூன்’ மாநாட்டை நடத்துவதில் பொலிஸாரே பங்காளிகள் என்று சொன்னபோது, வாப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

தூர நாட்டுக் கதைகள் மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எந்த உதவி தேவை என்று யாருக்கும் தெரியவில்லை. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றி ஒன்றுசேர்ந்த இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களிலேயே அதற்கொரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். திறந்த மூலமாக இருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பாவிக்க முடிந்தது. சமூகப் பயனுக்காக 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியில் வெள்ளம் நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதன் பெறுமதி விளங்குகிறது.

நம் கண்டிக்கும் இதில் ஒரு பெயர் உண்டு. தினமும் பேராதனைப் பக்கம் பார்த்தால் தெரியும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ‘ஹந்தான லினக்ஸ்’, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு தனிஷ்க நவின் என்பவர் முன்னின்று இலங்கையில் உருவாக்கியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் அதில் இடமிருந்தது.

அண்மையில் பேராதனையில் ஒரு சனிக்கிழமை லினக்ஸ் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. போகட்டுமா என்று கேட்டேன். இம்முறை முதலில் கேட்டேன். உம்மா கொஞ்சம் யோசித்து, “வாப்பாவோட போ” என்றார். வாப்பா கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்து, கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பெண் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர். இடைவேளையில் பார்த்தால், வாப்பா ஒரு பல்கலைக்கழக மாணவரைப் பிடித்து, கடைக் கணக்கை இதில் போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்! திரும்பி வரும் பஸ்ஸில், “அந்தப் பிள்ளைகள் ஒண்டையும் ஒளிக்கல்ல. கேட்டதையெல்லாம் சொல்லித் தந்தாங்க” என்றார். ஹேக்கர்களைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்ல மாட்டேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஆசை வந்தால் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். அடுத்து, முக்கியமான கோப்புகளை இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுங்கள். ஒரே வட்டின் இரண்டு பகுதிகள் இரண்டு இடங்கள் அல்ல. பிறகு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஒரு யூ.எஸ்.பி.யில் ஏற்றி, நிறுவாமலேயே சில நாட்கள் இயக்கிப் பாருங்கள். வைஃபை வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். எனக்கும் வேலை செய்யவில்லை. தொலைபேசியை வயரால் இணைத்து, உரிய சாதன இயக்கியைத் தரவிறக்க இரண்டு இரவுகள் போயின. ஹேக்கிங் பழக ‘பிக்கோ சி.ரி.எஃப்’ போன்ற, மாணவருக்கென்றே அனுமதியோடு திறந்து வைத்த இலவசப் பயிற்சிக் களங்கள் உள்ளன. தமிழில் படிக்க 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இருக்கிறது. அதில் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் பல நூல்களை எழுதியவர் து. நித்யா என்ற பெண் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பெற்றோரே, பிள்ளை கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தால் பயந்து மூடிவிடாதீர்கள். ‘இது யாருடைய கணினி? கேட்டாயா?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் பக்கத்தில் சற்று உட்காருங்கள். அதோடு, தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மீண்ட 14 படங்களும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்றை உம்மா பெரிதாக்கி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். கீழ்ப்பாதி சாம்பல் நிறமான படம்தான் அது. நல்ல படங்கள் பதினொன்று இருக்க இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். “இதிலதான் உம்மா சிரிக்கிறா” என்றார்.