சோலைவரி குறைந்த ஊர்

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் நடுத்தரக் குடும்பத்தவன் ஒருவனுக்கு வாழ்நாளில் இரண்டு கவலைகள் தவறாமல் வந்து சேரும். பிள்ளைகளை எந்தப் பாடசாலையிலே சேர்ப்பது என்பது ஒன்று. எங்கே ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு தலைசாய்ப்பது என்பது மற்றையது. முதலாவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி, அதிலும் அதனுள்ளே மறைந்து கிடக்கும் வரி என்னும் சங்கதியைப் பற்றி, எனது அனுபவத்தை முன்வைத்துச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

1994 ஆம் ஆண்டு வரையில் நான் வெள்ளவத்தையிலே வாடகைக்கு இருந்தேன். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றிலே, பெரிய வீடொன்றின் பின்புறத்தை மறித்துக் கட்டிய இரண்டு அறைகள். அவற்றுள் நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த தாயாரும். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தாம். ஆயினும் தை பிறந்தால் வாடகையைக் கூட்டுவதற்கும் அவருக்கு வழி பிறந்துவிடும். காரணம் கேட்டால், "சோலைவரி கூடிப்போச்சுது, தம்பி. நான் என்ன செய்யிறது?" என்பார்.

சோலைவரி என்று நம்மவர் சொல்லும் இந்த ஆதனவரி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை அப்பொழுதுதான் விசாரித்து அறிந்தேன். வருமானவரியும் பெறுமதிசேர் வரியும் இலங்கையின் எந்த மூலையிலே வாழ்ந்தாலும் ஒன்றே. ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுவது உள்ளூராட்சிச் சபைகள் அறவிடும் இந்த வரிதான். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவார்கள். அதற்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அந்தப் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை விதிப்பதே வரி. ஆண்டு முழுவதற்குமுரிய பணத்தை ஜனவரி 31 ஆந் திகதிக்குள் செலுத்தினால் நூற்றுக்கு 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்திலே அக்காலாண்டுப் பணத்தைச் செலுத்தினால் 5 வீதம் கழிவு.

மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை என மூன்று வகைச் சபைகள் நம் நாட்டில் உள்ளன. கொழும்பு மாநகரசபை 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி பிறந்தது. பழைய கிராமசபைகளும் பட்டினசபைகளும் மறைந்தபின், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை பிரதேச சபைகள். பிரதேச சபையின் எல்லைக்குள்ளே எல்லா வீடுகளுக்கும் ஆதனவரி கிடையாது. அபிவிருத்தியடைந்த இடம் என்று முறைப்படி பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிக்கே அது உண்டு. அப்பகுதிக்கு வெளியே ஒரு துண்டுக் காணி கிடைத்தால் வரியே இல்லை என்பதுதானே இதன் பொருள்!

இந்த ஞானோதயத்துடன் ஞாயிற்றுக்கிழமைகள் தோறும் கொழும்பைச் சுற்றி அலைந்தேன். தெற்கே கடலோரப் புகையிரதப் பாதையிலே தெகிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை; கிழக்கே களனிவெளிப் பாதையிலே நுகேகொடை, மகரகம, ஹோமாகம; வடக்கே களனி, ராகம, கந்தானை. என் சட்டைப்பையிலே ஒரு கணக்குத் தாள் இருந்தது. ஆண்டுப் பெறுமதி 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 20 வீதம் அறவிடும் இடத்திலே வரி 8,000 ரூபா. 6 வீதம் அறவிடும் இடத்திலே 2,400 ரூபா. அறவிடாத இடத்திலே பூச்சியம். இந்தப் பூச்சியத்தைக் கண்டு நான் மயங்கினேன்.

ஈற்றில் களனி கங்கைக்கு வடக்கே, நீர்கொழும்பு வீதியிலிருந்து மேற்குப் புறமாகத் திரும்பும் ஓரிடத்தில், தென்னந்தோட்டமொன்றைப் பதினான்கு துண்டுகளாக்கி விற்றுக்கொண்டிருந்தவரிடம் பத்துப் பேர்ச் காணி வாங்கினேன். ஊரின் பெயரும் சபையின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. "வரி கிரி ஒன்றும் இல்லை, ஐயா" என்று அவர் சொன்னபோது மகிழ்ந்த நான், ஒரு விடயத்தைக் கவனிக்கத் தவறினேன். வரி இல்லாத சிறப்பையும் சேர்த்தே அவர் காணிக்கு விலை சொல்லியிருந்தார். சபைக்குப் பல ஆண்டுகளிலே சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டியதில் ஒரு பங்கை, அவருக்கு முன்கூட்டியே ஒரே தடவையில் கொடுத்துவிட்டேன்.

வீடு கட்டிக் குடிபுகுந்தோம். தென்னங்காற்றும், வளவிலே ஒரு கிணறும், முற்றத்திலே தாயாரின் செவ்வரத்தையும் துளசியும். முதலாண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. கந்தோரிலே வெள்ளவத்தை நண்பர்கள் சோலைவரி அறிவித்தலைப் பற்றிப் புலம்பும்பொழுது, நான் புன்னகையுடன் கோவையைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் வரி வேறு வாசல்களால் வந்துகொண்டிருந்தது.

முதலாவது, காலம். வெள்ளவத்தையிலிருந்து கந்தோருக்கு அரை மணித்தியாலம். புதிய வீட்டிலிருந்து, பேலியகொடை நெரிசலையும் களனிப் பாலத்தையும் தாண்டி, ஒன்றரை மணித்தியாலம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என நாளொன்றுக்கு மேலதிகமாக இரண்டு மணித்தியாலங்கள். ஆண்டிலே 240 வேலைநாட்கள் என்று கொண்டால் 480 மணித்தியாலங்கள். 2014 ஆம் ஆண்டு ஓய்வுபெறும் வரை இருபது ஆண்டுகளுக்கு 9,600 மணித்தியாலங்கள், அதாவது இரவும் பகலுமாக நானூறு நாட்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயுளைப் பேருந்தின் மேற்கம்பியிலே தொங்கிக்கொண்டு கழித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் மேலே தலைவைத்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் கொழும்புப் பாடசாலைக்காக விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்தவர்கள். நான் சேமித்த வரியிலே ஒரு பங்கை என் பிள்ளைகள் தங்கள் தூக்கத்தால் செலுத்தினார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது.

இரண்டாவது, தண்ணீர். எங்கள் ஒழுங்கைக்குக் கான் இல்லை. மழை நீர் தனக்குத் தோன்றிய வழியாகப் போகும். போக வழியில்லையாயின் எங்களுடன் தங்கும். 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஒரே இரவில் கொட்டிய மழையினாற் கொழும்பும் சுற்றுப்புறமும் வெள்ளக்காடாகி, பாராளுமன்ற வளாகத்தினுள்ளும் நீர் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இரவிலேதான் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. ஒழுங்கையிலே தொடையளவு தண்ணீர். முச்சக்கர வண்டிக்காரர் பெருந்தெருவுக்கு இப்பால் வர மறுத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அடுத்த வீட்டுச் சிங்கள இளைஞர்கள் இருவரும் நானும் மகனும், தாயாரைப் பிளாஸ்ரிக் கதிரையிலே இருத்தி, நான்கு புறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு இருட்டிலே அரைக்கட்டை தூரம் நடந்தோம். மகன் ஒரு கையிலே லாந்தரையும் பிடித்திருந்தான். பாதி வழியிலே அந்தக் கிழவி, மூச்சை இழுத்து இழுத்து, எனக்கு மாத்திரம் கேட்கும் குரலிலே சொன்னார்:

"வரி குறைஞ்ச ஊரெண்டுதானே, மோனை, சொன்னனீ. தண்ணி கூடின ஊரெண்டு சொல்லேல்லையே."

ஆஸ்பத்திரியிலிருந்து பத்தாம் நாள் அவர் வீடு திரும்பினார். ஆனால் அந்தச் சொல் என்னைவிட்டு நீங்கவில்லை.

வெள்ளம் வற்றியபின் சபைக் கந்தோருக்குப் போனேன். கோபத்துடன் போனேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பெரிய ஏட்டை விரித்துக் காட்டினார். எங்கள் ஒழுங்கை அந்த ஏட்டில் இல்லை. காணியைத் துண்டுபோட்டு விற்றவர் வழியைச் சபையிடம் ஒப்படைக்கவேயில்லை. சட்டப்படி அது தனியார் வழி. பகுதியும் வரிக்குரியதாகப் பிரகடனஞ் செய்யப்படவில்லை. "நீங்கள் எங்களுக்கு ஒன்றும் தருவதில்லை; நாங்களும் உங்களுக்கு ஒன்றும் தருவதில்லை. இரு பக்கமும் கணக்குச் சரி" என்று அவர் சிங்களத்திலே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே ஏளனம் இல்லை, உண்மைதான் இருந்தது.

வரிக்கு அஞ்சி ஓடிவந்த நான், அந்த மாதமே ஒரு மனு எழுதினேன். எங்கள் ஒழுங்கையைச் சபை பொறுப்பேற்கவேண்டும், எங்களிடம் வரி அறவிடவேண்டும் என்பதே அதன் சாரம். வரி வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்களை உலகம் அறியும். வரி போடுங்கள் என்று கெஞ்சிக் கையொப்பம் வாங்க வீடு வீடாகப் படியேறிய என்னை என் அயலவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். பதினான்கு வீடுகளுள் பதினொன்று கையொப்பமிட்டன. மூன்று மறுத்தன. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது.

"தம்பி, இண்டைக்கு வரி சின்னன்தான். நாளைக்கு ரோட்டு வரும், கான் வரும். காணியின்ரை விலை ஏறும். ஆண்டுப் பெறுமதியும் ஏறும். என்ரை பென்சன் ஏறுமோ?" என்று கேட்டார்.

அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. வீட்டின் மதிப்பை வைத்து வரி போடுவார்கள். வீட்டுக்காரரின் கையிலுள்ள காசைப் பார்ப்பதில்லை. முதுமையிலே வீடு ஒன்றையே சொத்தாகக் கொண்டவர்களை இந்த வரி வருத்தத்தான் செய்யும். அவர் கடைசிவரை கையொப்பமிடவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளின் பின் கான் வெட்டி முடிந்தபொழுது, சனிக்கிழமைகள் தோறும் தமது வாசலுக்கு முன்னே அதில் விழுந்த சருகுகளைக் கூட்டி அள்ளியவர் அவர் ஒருவரே.

முதலாவது வரி அறிவித்தல் வந்த அன்று அதை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தேன். தொகை பெரிதன்று. ஜனவரிக்குள்ளேயே செலுத்தி, 10 வீதக் கழிவையும் பெற்றுக்கொண்டேன். பழைய புத்தி முற்றாக விட்டுப்போகுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்தோர் 5 இலட்சத்து 60 ஆயிரம் அளவினர். ஆனால் நாள்தோறும் வெளியிலிருந்து வந்துபோவோர் இன்னும் பல இலட்சம் பேர். இருபது ஆண்டுகளாக நானும் அவர்களுள் ஒருவன். மாநகரத்தின் நடைபாதையிலே நடந்தேன். அதன் பொது நூலகத்திலே மதிய வேளைகளைக் கழித்தேன். அதன் குப்பைத் தொட்டியிலே சோற்றுப் பொதியின் தாளை எறிந்தேன். ஒரு சதம் வரி அதற்குக் கொடுத்ததில்லை. பகலிலே நான் கொழும்பின் கடன்காரன்.

இரவிலே கணக்கு மறுபுறம் திரும்பும். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு தினத்திலே, மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து, 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் குப்பை பெரும்பாலும் மாநகரத்துடையது. அந்த வீடுகளோ மாநகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவைப் பகுதியைச் சேர்ந்தவை. அதன்பின் கொழும்பின் குப்பை கெரவலப்பிட்டிக்குத் திருப்பப்பட்டது. அதுவும் மாநகர எல்லைக்கு வெளியேதான். நகரம் தனக்கு வேண்டாததை வரி குறைந்த அயலூர்களிலே கொண்டுவந்து வைக்கிறது. அயலூரவர்களாகிய நாம் நமக்கு வேண்டியதை வரி கொடாமல் நகரத்திலே எடுத்துக்கொள்கிறோம். இந்த இரு கடன்களும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதில்லை. ஏனெனில் எடுத்துக்கொள்பவர் ஒருவர். குப்பைக்குக் கீழே புதைந்துபோனவர் இன்னொருவர்.

இப்பொழுதும் இளம் உத்தியோகத்தர் சிலர், எங்கே காணி வாங்கலாம், எங்கே வரி குறைவு என்று என்னிடம் கேட்க வருவதுண்டு. வரி வீதத்தைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை என்பேன். ஆனால் அதனுடன் வேறு சில கேள்விகளையும் கேளுங்கள். வழி சபையின் ஏட்டிலே இருக்கிறதா? மழை நாளிலே அந்த ஒழுங்கையிற் போய் நின்று பார்த்தீர்களா? குப்பை வண்டி வருகிறதா. வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? காலை ஆறு மணிப் பேருந்திலே ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் பார்த்தீர்களா? வீட்டிலே முதியவர்கள் இருந்தால், நள்ளிரவிலே வாசலுக்கு வண்டி வருமா?

இவற்றுக்கெல்லாம் நல்ல விடை கிடைத்து, அதன்பின்னும் வரி குறைவாயிருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்படி ஓர் ஊர் அகப்பட்டால், தயவுசெய்து எனக்கும் ஒரு தபால் எழுதுங்கள்.