ஆய்வு மாணவரும் மேற்பார்வையாளரும்: முதல் சந்திப்பிலேயே பேச வேண்டியவை

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணிப் பட்டம் 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் உள்ளன. இரண்டுமே ஆய்வை அடிப்படையாகக் கொண்டவை. எனவே மாணவரின் பல வருட உழைப்பு மேற்பார்வையாளருடனான உறவிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

நம்மவர்களில் பலர் பகலில் பாடசாலையில் கற்பித்து, இரவில் ஆய்வு எழுதுகின்றனர். அனுப்பிய அத்தியாயத்துக்குப் பதில் வராவிட்டால், "சேரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று மௌனமாகி விடுகின்றனர். அவரோ, மாணவர் ஆய்வைக் கைவிட்டுவிட்டார் என எண்ணுகிறார். இதற்கிடையில் பதிவுக் காலம் முடிந்துவிடுகிறது.

இதைத் தவிர்க்க மூன்று விடயங்களை முதல் சந்திப்பிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை சந்திப்பது? அனுப்பிய பகுதிக்கு எத்தனை நாட்களில் கருத்துக் கிடைக்கும்? கட்டுரை வெளியானால் யார் பெயர் முதலில் வரும்? மருத்துவ ஆய்விதழ்கள் பல பின்பற்றும் விதிப்படி, ஆய்வில் கணிசமான பங்களிப்பு இல்லாதவரை ஆசிரியராகக் குறிப்பிட முடியாது. பதவி மட்டும் போதாது.

மாணவருக்கும் கடமையுண்டு: குறித்த திகதியில் எழுதிக் கொடுப்பது, தரவுகளைத் திரிக்காதிருப்பது, தடங்கல்களை மறைக்காமல் சொல்வது. இவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்வது மரியாதைக் குறைவல்ல; இருவரது நேரத்துக்கும் அதுவே பாதுகாப்பு.