ஒரு குழாய் ரத்தத்திலிருந்து ஓயாமல் பெருகும் செல்கள்

2000-ஆம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, எங்கே வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். அம்பிளிக்கை மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ். அதன் 16-ஆம் வகையிலிருந்து எடுத்த இரண்டு மரபணுக்களை வைத்துத்தான் ரத்த நோய் ஆராய்ச்சிக்கான செல்களை இன்று உருவாக்குகிறார்கள்.

நம் உடம்பில் ஓடும் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. அது பெருகாது, சுமார் 120 நாளில் அழிந்துவிடும். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோயில் கோளாறு எங்கே நேர்கிறது என்று அறிய, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் முன்னோடிச் செல்கள் வேண்டும். அவற்றை வெளியே எடுத்து வளர்த்தாலோ, கொஞ்ச காலத்தில் முதிர்ந்து தீர்ந்துபோகும்.

இங்கேதான் அந்த வைரஸ் மரபணுக்கள் வருகின்றன. இ6, இ7 என்பவை அவற்றின் பெயர். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரு புரதங்களையும் அவை முடக்குகின்றன. ஆனால் எப்போதும் முடக்கி வைத்தால் செல் சிவப்பணுவாக முதிராது. அதனால் டாக்சிசைக்ளின் இருந்தால் மட்டும் வேலை செய்யும்படி மரபணுக்களை அமைக்கிறார்கள். ஆம், மருந்துக்கடையில் கிடைக்கும் அதே ஆன்டிபயாடிக்தான். மருந்து இருக்கும்வரை செல் பெருகும். நிறுத்தினால் முதிரத் தொடங்கும்.

ஜப்பானின் ரைக்கன் நிறுவனம் 2013-இல் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ‘ஹூடெப்-2’ செல் வரிசையையும், பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2017-இல் ‘பெல்-ஏ’ வரிசையையும் இப்படித்தான் உருவாக்கின. இரண்டுக்கும் ஸ்டெம் செல்கள் தேவைப்பட்டன. நோயாளியிடம் அவற்றைப் போதுமான அளவு பெற, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்க வேண்டும், அல்லது மருந்து கொடுத்து ரத்தத்துக்கு வரவழைக்க வேண்டும். ஏற்கெனவே மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது?

வேலூர் சிஎம்சி வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் ஷாஜி வேலாயுதன் குழு இதற்கு வழி கண்டது. 2021-இல் ‘செல்ஸ்’ இதழில் வெளியிட்டது. அவர்கள் தொடங்கியது கையிலிருந்து எடுக்கும் சாதாரண ரத்தத்தில். இப்படிப்பட்ட ரத்தத்தை அடர்த்தியான திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மஞ்சள் பிளாஸ்மாவுக்குக் கீழே மெல்லிய வெண்படலம் நிற்கும். அந்தப் படலத்தின் செல்களை முன்னோடிகளாக வளர்த்து, பிறகு இ6, இ7-ஐச் செலுத்தினார்கள். ஆரோக்கியமான இருவரின் ரத்தத்திலிருந்து இரண்டு வரிசைகள் கிடைத்தன. முதல் வரிசை நன்றாக முதிர்ந்தது. அதன் செல்களில் கணிசமானவை உட்கருவையும் வெளியே தள்ளின. மரபணுவைத் திருத்திய பிறகும் முதிர்ச்சி கெடவில்லை. எனக்கு இதுதான் பெரிய செய்தி: அரிய ரத்த நோய் உள்ளவர்களின் செல்களையும் இதே முறையில் வரிசைகளாக்கிச் சேமிக்கலாம்.

அதே மையத்தில் மோகன்குமார் குழு, ஹூடெப்-2 செல்களில் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றி, கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும் மாற்றங்களைத் தேடியது; முடிவுகள் 2022-இல் வந்தன. அந்த ஹீமோகுளோபின் கூடினால் பீட்டா தலசீமியா, அரிவாள் செல் நோய் இரண்டும் தணியும்.

ஆனால் இப்படி உருவாக்கிய செல்களை யாருக்கும் ஏற்ற முடியாது. புற்றுநோய் வைரஸின் மரபணு உள்ளே இருக்கிறது. உட்கருவோடு ஒரு செல் தப்பினாலும் ஆபத்து. ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுவை மனிதருக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனை 2022-இல் பிரிட்டனில் தொடங்கியபோது, கொடையாளரின் ஸ்டெம் செல்களைத்தான் எடுத்தார்கள். ஏற்றிய அளவு ஓரிரு தேக்கரண்டி.