மேப்பில் லேயர்கள்: எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் தேடிப் பார்ப்பவற்றில் ஒன்று, தங்கள் தெருவின் மேப். அந்த மேப்பில் உங்கள் பகுதித் தகவல்களை நீங்களே சேர்க்கவும் முடியும். சேர்ப்பது எளிது. பார்ப்பவருக்குப் புரியும்படி சேர்ப்பதில்தான் கவனம் தேவை.

லேயர் என்றால் என்ன?

ஒரு தாளில் சாலைகளை வரையுங்கள். அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கால்வாய்களை வரையுங்கள். இன்னொரு டிரேசிங் பேப்பரில் பள்ளிகளைக் குறியுங்கள். இப்படி ஒவ்வொரு பேப்பரும் ஒரு லேயர். தேவையில்லாததை எடுத்துவிடலாம். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கிளிக் போதும்.

சென்னை வெள்ள மேப்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் தொடங்கப்பட்ட, யாரும் திருத்தக்கூடிய இலவச மேப். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் இதன் மீது சென்னைக்கு ஒரு வெள்ள மேப் உருவாக்கினார்கள். தண்ணீர் நின்ற தெருவைக் கிளிக் செய்தால் அது நிறம் மாறும். ஆயிரத்துக்கும் அதிகமான தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள். 'எந்தத் தெருவில் தண்ணீர்?' என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொன்னதால் எல்லோருக்கும் புரிந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் மாறாத தெருவில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. கரன்ட் இல்லாமல், போனில் சார்ஜ் இல்லாமல் இருப்பவர்கள் எப்படிக் கிளிக் செய்வார்கள்? எனவே 'தண்ணீர் உண்டு', 'தண்ணீர் இல்லை' என்பவற்றோடு 'தகவல் இல்லை' என்பதற்கும் தனி அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால் மேப்பை நம்பிப் போகிறவர் ஆபத்தில் மாட்டிக்கொள்வார்.

மாத்தூருக்கு ஒரு மேப்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை சென்றது. மாத்தூர், மணலி பகுதிக்கு மேப் தயாரித்தால் கால்வாய், தண்ணீர் நின்ற தெரு, எண்ணெய் படிந்த இடம், மருத்துவமனை என நான்கு லேயர்களாவது வரும். யூமேப் என்ற இலவச வசதியில், பிரவுசரிலேயே இதைச் செய்யலாம். கீழ்க்கண்டவற்றை மனதில் வையுங்கள்.

1. மேப் திறக்கும்போது இரண்டு லேயர்கள் மட்டும் தெரியட்டும். மற்றவற்றைப் பார்ப்பவர் தேவைப்பட்டால் 'ஆன்' செய்துகொள்வார்.

2. கால்வாய்க்கும் வெள்ளத்துக்கும் ஒரே நீல நிறம் கொடுக்காதீர்கள். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். எனவே நிறத்தோடு கோட்டின் தடிமனையும் ஐகானையும் மாற்றுங்கள்.

3. நகரம் முழுவதும் தெரியும்போது ஐகான்களை மறைத்துவிடுங்கள். தெரு அளவுக்கு ஜூம் செய்த பிறகு அவை தெரிந்தால் போதும். யூமேப்பில் ஒவ்வொரு லேயருக்கும் இந்த ஜூம் அளவைக் குறிப்பிடலாம்.

4. லேயரின் பெயரில் தேதியைச் சேருங்கள். 2015 தண்ணீரையும் 2023 தண்ணீரையும் ஒரே லேயரில் கலக்காதீர்கள்.

மேப் தயாரானதும் அதை வீட்டில் ஒருவரிடம் காட்டி, "தண்ணீர் நிற்காத வழியாக மருத்துவமனைக்கு எப்படிப் போவது?" என்று கேளுங்கள். அவர் பத்து விநாடிக்குள் விரலால் வழி காட்டினால் உங்கள் மேப் சரி. தடுமாறினால் ஒரு லேயரை 'ஆஃப்' செய்துவிட்டு மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.