ஓரிடத்தில் இருக்காத பிள்ளை

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உண்டா, சொல்லுங்கள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓடும். உப்பும் புளியும் வாங்கக் கடைக்கு அனுப்பினால் உப்போடு மட்டும் திரும்பும். மாதம் ஒரு தண்ணீர்ப் போத்தல் தொலையும். அக்கம்பக்கத்தார் "வாலில்லாக் குரங்கு" என்பார்கள். பாட்டி தாயத்துக் கட்டச் சொல்வார்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் உதிரிப்பழம் பொறுக்குபவர். நானோ பயிற்சி முடித்து வந்த புது வாத்தியார். தொல்லை தாங்காமல் அவனைக் கடைசி வரிசையில், சன்னலோரம் உட்கார வைத்தேன். வெளியே லாரி போனால் அவன் மனமும் லாரியோடு போய்விடும்.

ஒருநாள் பள்ளியின் புல்வெட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. தோட்டக்காரர் அதைப் பிரித்துப் போட, இந்தப் பையன் ஓய்வு நேரம் முழுதும் அருகில் குந்தியிருந்தான். சாப்பிடக்கூடப் போகவில்லை. கழன்ற ஒவ்வொரு திருகாணியையும் அவர் கேட்குமுன் எடுத்து நீட்டினான். எனக்குக் கோபந்தான் வந்தது. "வேண்டுமென்றால் முடிகிறதே, பாடத்துக்கு மட்டும் முடியாதோ? கொழுப்பு!" என்று முட்டிபோட வைத்தேன்.

அது கொழுப்பல்ல என்று பின்னாளில்தான் அறிந்தேன். ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.டி.எச்.டி. என்பார்கள், தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. கவனக்குறைவு என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. நம் கடலோரத் தோட்டங்களின் வாய்க்கால்களை நினைத்துப் பாருங்கள். இவர்களிடம் தண்ணீருக்குக் குறைவில்லை. மதகை வேண்டியபோது திறந்து மூடுவதுதான் கைவசமில்லை. பிடித்த வேலையில் வெள்ளமாய்ப் பாயும். பிடிக்காததில் சொட்டும் வராது. அடியால் இது மாறாது.

உலக அளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இது உண்டு என்கிறார்கள். அதாவது இருபது பேர் வகுப்பில் ஒருவர். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்புக் குற்றமல்ல, தாய்மார்களே. பெண்பிள்ளைகள் பலர் ஓடியாட மாட்டார்கள், உட்கார்ந்தபடியே கனவு காண்பார்கள். அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் இக்கோளாறு கண்டறியப்பட்டது. இவனால் எதிலும் கவனம் செலுத்தவே முடியாது என்று ஓர் ஆசிரியை தாயிடம் சொன்னாராம். (நம் இனந்தான்!) தாயும் ஆசிரியைதான். படிக்க மறுத்த மகனுக்குச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தார். கணக்கையும் நீச்சலாக்கினார்கள்: விநாடிக்கு 3 மீட்டர் நீந்தினால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம்? அந்தப் பிள்ளை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கம் வென்றார். 2016 வரை மொத்தம் 28 பதக்கங்கள், அவற்றில் 23 தங்கம். எல்லாப் பிள்ளையும் பெல்ப்ஸ் ஆகிவிடாது. ஆனால் அந்தத் தாய் செய்ததை நாமும் செய்யலாம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். முதலில் உப்பு, வந்த பிறகு புளி. புத்தகப் பையை இரவே அடுக்க வையுங்கள். அரைமணி படிப்பை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஓடிவரச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரத் தொல்லை இருந்தால், அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். தேவையானால் மருந்தும் உண்டு. பைத்தியத்துக்கான மருந்தோ என்று பயப்பட வேண்டாம்.

என் பையன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டான். இப்போது பந்திங்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறான். ஆனால் கடைக் கணக்கு எழுத மனைவி வேண்டும். அவன் மகன் இவ்வாண்டு முதலாம் வகுப்பு, என்னிடந்தான். முதல் நாளே தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்துவிட்டான்.

"அப்பன் மாதிரியேதான் ஐயா" என்று சிரித்தான் தந்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையனை முன்வரிசையில், என் மேசைக்கருகில் உட்கார வைத்திருக்கிறேன். வெண்பலகையை அழிப்பதும் வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டு போவதும் அவன் வேலை.