எங்கள் விபரம் யாருடைய சரக்கு?

மருதமுனையில் நெசவு செய்யும் பெண் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நான் கடன் கேட்டுப் போனது ஒரு இடத்துக்குத்தான் தம்பி. இப்ப நாலு இடத்தில இருந்து கடன் தாறோம் எண்டு மெசேஜ் வருது. என்ட நம்பர அவங்களுக்கு ஆரு குடுத்த?"

அவருடைய கேள்விக்குப் பதில் தேட இலங்கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2022 மார்ச் 19 அன்று சான்றுப்படுத்தப்பட்ட, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அது.

அதன் அடிப்படை எளிமையானது. ஒரு காரணத்துக்காக வாங்கிய விபரத்தை அதற்குப் பொருந்தாத வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. சம்மதம் என்றால், எதற்கென்று தெரிந்து, சுயவிருப்பத்துடன், தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். மௌனம் சம்மதமாகாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். என்ன விபரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், சில சந்தர்ப்பங்களில் அழிக்கவும் கோரலாம். விளம்பரச் செய்தி அனுப்புவதற்கும் எங்கள் சம்மதம் வேண்டும். அதை நிறுத்தும் வழியையும் இலவசமாகத் தர வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரையை மீறினால், மூலச் சட்டத்தின்படி ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம்.

ஒரு இலக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். புதிய 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் சொன்னாலே வயதும் பாலினமும் போய்விடும். பிரதியைக் கொடுத்தால் பெயரும் முகவரியும் படமும் சேர்ந்தே போகும்.

இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைவிரல் அடையாளம் போன்றவற்றை இச்சட்டம் விசேட வகைத் தரவாகக் கருதி, கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. பெயரை வைத்தே இனத்தையும் மதத்தையும் கணிக்கும் நாடு இது. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களைச் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கழித்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும்.

ஆனாலும் நாங்கள் கேட்பதில்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டினோம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடக்கூடாதென்று கேட்ட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். கேள்வி கேட்டால் உதவி கிடைக்காது என்ற பயம் பழக்கமாகிவிட்டது. நுண்கடன் படிவமும் கைபேசிக் கடன் செயலியும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் வந்து அமர்கின்றன. தேவை கழுத்தை நெரிக்கும்போது வைக்கும் கையெழுத்து சுயவிருப்பமா என்பதே இங்கு பிரதான கேள்வி.

சட்டமோ பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வருகிறது. அதிகாரசபையை நிறுவும் பகுதி 2023 ஜூலையில் வந்தது. எங்கள் உரிமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வருமென அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த அறிவிப்பு மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் திருத்தச் சட்டம் நிறைவேறியது. இனி அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் நாளே ஆரம்ப நாள். உரிமை எழுத்தில் இருக்க, அதைக் கேட்டுப்பெறும் வழி இழுபடுகிறது.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அடையாள அட்டைப் பிரதியின் மேல் யாருக்கு, எதற்கு என்பதையும் திகதியையும் குறுக்கே எழுதிக் கொடுங்கள். கடன் செயலி உங்கள் தொலைபேசியிலுள்ள இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "இது எதுக்கு, வேற ஆருக்கும் குடுப்பீங்களா?" என்று படிவம் நீட்டுபவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் விபரம் கொடுக்க நாங்களும் தயங்கலாம்.